பின்னங்கால் இல்லாத பிரம்பு நாற்காலி யாருடையது?

ஸ்டீல் குழாயை வளைத்து, இருக்கையிலும் முதுகிலும் பிரம்பு பின்னி, பின்பக்கம் காலே இல்லாமல் ஒரு நாற்காலி காபிக் கடைகளிலும் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிறதே, அதை வடிவமைத்தது யார், ஒரு இடத்தில் ப்ரோயர் என்று போட்டிருக்கிறது இன்னொரு இடத்தில் ஸ்டாம் என்று போட்டிருக்கிறது, பின்னங்கால் இல்லாமல் அது எப்படித் தாங்குகிறது, பழையது ஒன்று விலைக்கு வருகிறது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்த நாற்காலியின் இன்றைய பெயர் செஸ்கா. வடிவமைத்தவர் மார்செல் ப்ரோயர், ஆண்டு 1928. ஆனால் பின்னங்கால் இல்லாமல் முன்னிரு கால்களில் நிற்கும் அந்த வடிவத்தின் உரிமை மார்ட் ஸ்டாமுக்கு உரியது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1932-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு பெயர்களும் சரிதான். இந்த இரண்டும் எப்படி ஒரே நாற்காலியில் வந்து சேர்ந்தன என்பது கொஞ்சம் நீண்ட கதை, எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட.

முதலில் நாற்காலியையே பார்த்துவிடலாம். கிடைத்தால் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். முதுகின் இடப்பக்க உச்சியில் விரலை வைத்துக் குழாயோடு வழுக்கிக்கொண்டே வாருங்கள். கீழே இறங்கி, இருக்கையின் ஓரமாக முன்னால் வந்து, வளைந்து முன்னங்காலாக இறங்கி, தரையைத் தொட்டதும் பின்னால் திரும்பி ஓடி, பின்பக்கம் தரையோடு தரையாகக் குறுக்கே கடந்து, அதே வழியில் வலப்பக்கம் ஏறி, முதுகின் வலப்பக்க உச்சியில் போய் நிற்கும். எங்கேயும் விரலை எடுக்க வேண்டியதில்லை. ஒரே கோடு. ஏறத்தாழ ஒரு அங்குலக் குழாய், அவ்வளவுதான். இப்போது ஒன்றைக் கவனியுங்கள், இருக்கை இருக்கும் உயரத்தில் இடப்பக்கக் குழாயையும் வலப்பக்கக் குழாயையும் சேர்க்க ஸ்டீலில் குறுக்குக் கம்பி எதுவும் கிடையாது. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது பிரம்பு பின்னிய அந்த மரச் சட்டங்கள்தான். இருக்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, அடியிலும் பின்னாலும் திருகு போட்டு முடுக்கியிருக்கும். அழகுக்காக மரம் சேர்த்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். மரத்தைக் கழற்றிவிட்டால் குழாய் இரண்டு பக்கமும் அகன்று ஆட ஆரம்பித்துவிடும்.

சரி, எப்படி விழாமல் நிற்கிறது? உட்கார்ந்திருப்பவரின் எடை, தரையைத் தொட்டு நிற்கும் பகுதிகளுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் இறங்கினால் போதும், கவிழாது. இந்த நாற்காலியில் தரையோடு ஓடும் குழாய் பின்னால் முதுகுவரை போகிறது, அதனால் சாய்ந்தாலும் எடை அந்தச் சட்டத்துக்கு உள்ளேதான் விழும். கஷ்டமான வேலை செய்வது முன்பக்கத்து வளைவுகள். கட்டடத்தில் ஒரு முனையை மட்டும் சுவரில் புதைத்து நீட்டியிருக்கும் பால்கனி மாதிரி, இருக்கை முழுவதும் முன்னங்கால்களில் மட்டும் தொங்குகிறது, எடை ஏறும்போது அந்த வளைவுகள் இம்மி இம்மியாக விரிந்து சுருங்குகின்றன. உட்காரும் கணத்தில் நாற்காலி உங்களை வாங்கிக்கொண்டு லேசாகத் தாழ்வது தெரியும், எழுந்தால் திரும்ப மேலே வந்துவிடும். ஸ்பிரிங்கும் மெத்தையும் இல்லாமலேயே மெத்தையில் உட்கார்ந்த சுகம். நான்கு கால் நாற்காலி எவ்வளவு நல்ல மரத்தில் செய்ததாக இருந்தாலும் இதைக் கொடுக்காது.

இந்தச் சுகத்தைத்தான் 1920-களில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். ப்ரோயரிலிருந்து தொடங்குகிறேன். 1902-ல் ஹங்கேரியில் பேச் என்ற ஊரில் பிறந்தவர். ஓவியம் படிக்க வியன்னா அகாடமிக்குப் போய், அந்தப் பழைய பாணி பிடிக்காமல் உடனே வெளியேறி, 1920-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ் ஆரம்பித்திருந்த பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தச்சுப் பட்டறை. 1921-ல், இன்று 'ஆப்பிரிக்க நாற்காலி' என்று சொல்லப்படும் ஒன்றைச் செய்தார், மரத்தைச் செதுக்கி வண்ணம் தீட்டி, நெசவுப் பட்டறையில் இருந்த குன்டா ஷ்டோல்ட்ஸ்ல் அதற்கு நெய்து கொடுத்த, ஏதோ அரச மண்டபத்துக்குச் செய்தது போன்ற நாற்காலி. அதிலிருந்து குழாய் நாற்காலிக்கு அவர் வந்து சேர நான்கே வருடம்தான் ஆயிற்று. 1925-ல் பௌஹவுஸ் டெஸ்ஸாவ் நகரத்துக்கு மாறியபோது மரச்சாமான் பட்டறையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது, வயது 23.

டெஸ்ஸாவில் அவர் ஒரு ஆட்லர் சைக்கிள் வாங்கினார். ஓட்டப் பழகும்போது, இருபது முப்பது வருடமாக இந்த வண்டி அடிப்படையில் மாறவே இல்லையே, அவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்புறம் அதன் ஹேண்டில்பார். ஸ்டீல் குழாயை சேமியா மாதிரி வளைக்க முடியும் என்றால் அதில் ஏன் நாற்காலி செய்யக்கூடாது? ஆட்லர் கம்பெனியிடமே போய்க் கேட்டார், அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. மானெஸ்மான் கம்பெனியின் குழாயை வாங்கி, ஒரு பிளம்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே செய்ய இறங்கினார். இங்கே மானெஸ்மான் என்ற பெயர் முக்கியம். குழாயைத் தகட்டிலிருந்து சுருட்டி ஓரத்தைப் பற்றவைத்துச் செய்தால், வளைக்கும்போது அந்தத் தையல் வாயைப் பிளக்கும், அல்லது வளைவில் குழாய் நசுங்கும். மானெஸ்மான் சகோதரர்கள் 1880-களிலேயே தையலே இல்லாத குழாய் செய்யும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் குழாய் இல்லையென்றால் இந்த நாற்காலிகள் எதுவும் இல்லை. வடிவமைப்பு வரலாறு எழுதுபவர்கள் ஹேண்டில்பார் கதையை விரிவாகச் சொல்லிவிட்டுக் குழாயை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

அப்படி வந்தது இன்று 'வாசிலி' என்று விற்கப்படும் நாற்காலி, அன்று வெறும் பி3. பெட்டி மாதிரியான ஒரு சோபாவின் சதையை எல்லாம் எடுத்துவிட்டு எலும்பை மட்டும் நிறுத்தி, உடம்பு படும் இடங்களில் மட்டும் துணிப் பட்டைகளை இழுத்துக் கட்டியது. அந்தத் துணி சாதாரணத் துணி கிடையாது, மெழுகேற்றிய பருத்தி நூலில் நெய்தது, ஜெர்மன் மொழியில் 'இரும்பு நூல்' என்றே அதற்குப் பெயர், பௌஹவுஸ் நெசவுப் பட்டறையில் க்ரேட்டே ரைஷார்ட் அதை மேலும் உறுதியாக்கினார். ஓவியர் காண்டின்ஸ்கி அங்கே ஆசிரியர், அவருக்கு இந்த நாற்காலி பிடித்துப்போக ப்ரோயர் அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தார். வாசிலி என்ற பெயர் அதை வைத்துப் பல ஆண்டுகள் கழித்து இத்தாலியில் சூட்டியது.

1926-ல் பௌஹவுஸ் தன் பத்திரிகையைத் தொடங்கியபோது முதல் இதழிலேயே ப்ரோயர் ஒரு பக்கம் போட்டார். சினிமாப் பிலிம் சுருள் மாதிரி, மேலிருந்து கீழாகத் தன் நாற்காலிகளின் படங்கள், பக்கத்தில் வருடங்கள். மேலே அந்த ஆப்பிரிக்க நாற்காலி, பிறகு மரச் சட்டங்கள், பிறகு குழாய் நாற்காலி. கடைசிச் சட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் கீழே நாற்காலியே இல்லை, வருடம் போடவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. வருடத்துக்கு வருடம் நன்றாகிக்கொண்டே போகிறது, கடைசியில் மனிதர்கள் மீள்தன்மையுள்ள காற்றுத் தூண்மேல் உட்காருவார்கள் என்று குறிப்பு. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு செஸ்காவைப் பார்த்தால், பின்னங்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காற்று மட்டும் இருப்பது வேறு மாதிரி தெரியும்.

இனி ஸ்டாம். மார்ட் ஸ்டாம் நெதர்லாந்துக்காரர், 1899-ல் பிறந்தவர், கட்டடக் கலைஞர். ஸ்டுட்கார்ட் நகரில் வைசன்ஹோஃப் என்ற குன்றில், அன்றைய புதிய கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு வீடு கட்டிக் காட்டும் பெரிய கண்காட்சி 1927 கோடையில் நடந்தது, ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அதன் தலைவர். அதற்கான ஏற்பாட்டுக் கூட்டம் 1926 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஓட்டலில் கூடியபோது, ஸ்டாம் ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் தான் செய்து பார்த்திருந்த நாற்காலியை வரைந்து காட்டினார். கேஸ் குழாய்த் துண்டுகளை, குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் எல்போ போட்டு இணைத்தது. பின்னங்கால் கிடையாது. மீஸுக்கு அந்த யோசனை பிடித்தது, மூட்டுகள் பிடிக்கவில்லை. பெர்லின் திரும்பியதும் அந்த முன்னங்காலைப் பெரிய அரைவட்டமாக வளைத்துத் தன்னுடையதை வரைந்துவிட்டார். கண்காட்சியில் இரண்டு பேருடையதும் வந்தன.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்தால்தான் தெரியும். ஸ்டாமின் முதல் நாற்காலிகளில் வளைவு வளைந்துவிடக் கூடாதே என்று குழாய்க்குள் இன்னொரு உலோகத் துண்டைச் செருகி இறுக்கியிருந்தார்கள், அதனால் அது ஆடவே ஆடாது. பின்னங்கால் இல்லை, ஆனால் அதனால் கிடைக்க வேண்டிய அசைவும் இல்லை. மீஸினுடையது நேர் எதிர், அந்த அரைவட்டம் நன்றாகவே ஊஞ்சல் ஆடும், கண்ணுக்கும் அழகு, ஆனால் வளைவு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் மேசைக்கு அருகில் போட்டால் இடைஞ்சல். மீஸ் நாற்காலிகளில் சிலவற்றுக்குப் பிரம்புப் பின்னல் உண்டு, அதை அவரோடு வேலை செய்த லில்லி ரைஷின் பங்களிப்பாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மரச்சாமான்களில் அவர் பெயர் மீஸின் பெயருக்கு அடியில் மறைந்துபோனது வருத்தமான விஷயம்.

ப்ரோயர் என்ன சொன்னார் என்றால், டெஸ்ஸாவில் தான் செய்திருந்த குழாய் முக்காலியை ஒரு நாள் பக்கவாட்டில் கவிழ்த்துப் பார்த்தபோதே இந்த வடிவம் தனக்குத் தோன்றிவிட்டது, அதை ஸ்டாமிடம் தானே சொன்னேன் என்று. அந்த முக்காலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்று சின்ன டீப்பாயாக விற்கிறார்கள், மேலே ஒரு பலகை, இரண்டு பக்கமும் தரையோடு ஓடும் குழாய். பக்கவாட்டில் சாய்த்தால் உண்மையிலேயே பின்னங்கால் இல்லாத நாற்காலியின் கோடு அப்படியே கிடைக்கும். யார் யாரிடம் முதலில் சொன்னார்கள் என்று இன்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. செய்து, விற்பனைக்கு விட்டு, கண்காட்சியில் வைத்துக் காட்டியதில் ஸ்டாம் முந்திக்கொண்டார் என்பது மட்டும் உறுதி.

ஆனாலும் 1928-ல் ப்ரோயர் செய்த, இன்று செஸ்கா என்று சொல்லப்படும் பி32-வைப் பார்த்தால், அதற்கு முன்பு வந்த எதுவும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்றுதான் நான் சொல்வேன். ஸ்டாமின் நேர்கோடு, மீஸின் துள்ளல், இரண்டும் அதில் இருக்கின்றன. குழாய்க்குள் எதையும் செருகவில்லை, குழாயைக் கொஞ்சம் பருமனாக எடுத்து, அதன் சொந்த பலத்திலேயே நிற்க விட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய விஷயம், பீச் மரச் சட்டமும் பிரம்பும். பளபளக்கும் ஸ்டீலை ஆஸ்பத்திரிச் சாமான் என்று மக்கள் வீட்டுக்குள் விடத் தயங்கிய காலம் அது. ஜெர்மன்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான நாற்காலி ஒன்று இருந்தது, மைக்கேல் தோனெட் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து, இருக்கையில் பிரம்பு பின்னியது. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கும். 1930-க்குள் சுமார் 5 கோடி விற்றதாகச் சொல்கிறார்கள். காபி விடுதியில் தாத்தா உட்கார்ந்த நாற்காலியின் இருக்கையை எடுத்து ஸ்டீல் குழாயில் பொருத்திவிட்டார் ப்ரோயர். கை வைத்தால் ஜில்லென்று இருக்கும் உலோகம் ஓரத்தில், உடம்பு படும் இடம் முழுக்க மரமும் பிரம்பும். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது, பின்னால் இருப்பதும் பின்னல் கண்கள் வழியாகத் தெரியும், ஒரு சின்ன அறையில் ஆறு நாற்காலி போட்டாலும் அறை அடைத்துக்கொண்டது போல இருக்காது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், காலின் வடிவத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் ஏறத்தாழ நூறு வருடமாக மக்கள் இந்த நாற்காலியை வாங்குவது அந்த மரச் சட்டத்துக்காகவும் பிரம்புக்காகவும். குறுக்குக் கம்பி செய்யவேண்டிய வேலையையே மரச் சட்டம் செய்யும்படி யோசித்தது ப்ரோயர்தான்.

நீதிமன்றம் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ப்ரோயர் நாற்காலிகளை முதலில் தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோபல் என்ற பெர்லின் கம்பெனி. அதில் சேர்ந்த அன்டன் லோரென்ஸ் என்ற இன்னொரு ஹங்கேரிக்காரர் சட்ட விஷயத்தில் கெட்டிக்காரர். 1929-ல் அந்தக் கம்பெனியை, மைக்கேல் தோனெட் ஆரம்பித்த தோனெட் கம்பெனி வாங்கியபோது, லோரென்ஸ் தனியாக ஸ்டாமிடம் போய் அவருடைய வடிவத்தின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு தோனெட்மேல் வழக்கு. 1932-ல் லைப்சிக்கில் இருந்த உச்ச நீதிமன்றம், நேர்கோட்டுக் கால்களோடு பின்னங்கால் இல்லாமல் நிற்கும் அந்தக் கனசதுர வடிவம் ஒரு கலைப் படைப்பு, அதன் படைப்பாளி ஸ்டாம் என்று சொல்லிவிட்டது. அன்றாடம் புழங்கும் ஒரு நாற்காலிக்குச் சிற்பத்துக்கு இணையான காப்புரிமை கிடைத்தது பெரிய விஷயம். ப்ரோயருக்குத்தான் தன் சொந்த நாற்காலியின் உரிமை கைநழுவிப் போயிற்று. இன்றைக்கும் ஜெர்மனியில் தோனெட் இதை எஸ் 32 என்ற பெயரில் விற்கும்போது வடிவமைப்பு மார்செல் ப்ரோயர், கலைக் காப்புரிமை மார்ட் ஸ்டாம் என்று இரண்டு பெயரையும் போடுகிறது. கையுள்ள நாற்காலி என்றால் எஸ் 64. நீங்கள் ஒரே நாற்காலிக்கு இரண்டு பெயர் பார்த்தது இதனால்தான். லோரென்ஸ் பின்னாளில் அமெரிக்கா போய், காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும் ரிக்ளைனர் நாற்காலிகளில் பெயர் எடுத்தார்.

அதற்குள் எல்லோருடைய வாழ்க்கையும் சிதறிவிட்டது. 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த ப்ரோயர் லண்டன் போய், அங்கிருந்து 1937-ல் அமெரிக்காவில் ஹார்வர்டில் பாடம் நடத்தப் போனார். பிறகு நாற்காலியைவிடக் கட்டடம்தான் அவருக்குப் பெரிதாயிற்று. பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தை இன்னும் இருவரோடு சேர்ந்து வடிவமைத்தார், நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்துக்காக 1966-ல் திறந்த கட்டடம் அவருடையது. அந்தக் கட்டடமும் மேலே போகப் போக முன்னால் நீட்டிக்கொண்டு வரும். ஸ்டாம் சோவியத் நாட்டில் புதிய நகரங்கள் கட்டப் போனார், போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் கலைக் கல்லூரிகளை நடத்தினார், கடைசிக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து 1986-ல் இறந்தார்.

செஸ்கா என்ற பெயர் 1960-களில் வந்தது. இத்தாலியின் போலோனியா நகரத்து மரச்சாமான் தயாரிப்பாளர் டினோ கவீனா, மறந்துபோயிருந்த ப்ரோயர் நாற்காலிகளைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்டு வந்தார். எழுத்தும் எண்ணுமாக இருந்தவற்றுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பி3 வாசிலி ஆயிற்று, பி32-க்கு ப்ரோயரின் மகள் ஃப்ரான்செஸ்காவின் பெயரைச் சுருக்கி செஸ்கா. 1968-ல் கவீனாவின் கம்பெனியை அமெரிக்காவின் நோல் வாங்கியது, அன்றிலிருந்து நோல் செய்கிறது. நகல்கள் உலகம் முழுக்கக் கணக்கில்லாமல் வந்துவிட்டன.

பழையது வாங்கலாமா என்றால், வாங்குங்கள், ஆனால் கவிழ்த்துப் பார்த்துவிட்டு. முன்பக்கத்து வளைவில் குழாய் நசுங்கித் தட்டையாகியிருந்தால் வேண்டாம், எடை தாங்கும் இடமே அதுதான். உட்கார்ந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மேலும் கீழும் அசைவது நல்லது, இடமும் வலமும் ஆடினால் மரச் சட்டத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. நான் வாங்கிய ஒரு நகலில் திருகு இறங்கிய மரம் பொடியாகிப் போயிருந்தது, வெளியே தெரியவே இல்லை, மரக்குச்சியில் பசை தடவி ஓட்டையை அடைத்துத் திரும்பத் திருகு போட வேண்டியதாயிற்று. பிரம்பைப் பொறுத்தவரை, சட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் கையால் பின்னியது, ஓட்டை இல்லாமல் சுற்றிலும் ஒரு பள்ளத்தில் பிரம்பு விளிம்பு ஓடினால், இயந்திரத்தில் நெய்த விரிப்பை வெட்டிச் செருகியது. இரண்டாவதை மாற்றுவது சுலபம், முதலாவதற்குப் பொறுமையான ஆள் வேண்டும். பிரம்பு அறுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், பெரும்பாலும் முன் ஓரத்தில், தொடை அழுத்தும் இடத்தில்தான் அறும்.

அறுபடாமல் வெறுமனே தொய்ந்திருந்தால் பயப்படாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கத்தில் அரைமணி நேரம் பரப்பி வையுங்கள். மேல்பக்கம் நனைத்துப் பயனில்லை, பிரம்பின் வழவழப்பான தோல் தண்ணீரை இழுக்காது, அடியில் இருக்கும் நார்ப்பகுதிதான் இழுக்கும். பிறகு வெயிலில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள், அதுவரை யாரும் உட்காரக் கூடாது. காலையில் விரலால் சுண்டிப் பாருங்கள், நன்றாக இறுகியிருந்தால் தோல் வாத்தியத்தைத் தட்டியது மாதிரி லேசாகச் சத்தம் வரும்.